வெள்ளை கட்டிய மார்கழி

1

போன மார்கழியில் ஒரு பின்னேரம் முழுவதும் நான் செத்துப்போயிருந்தேன். மொன்றியலில், பார்க்-எக்ஸ்ரென்ஷனில், எங்கள் கத்தோலிக்கக் கோயில் பங்கைச் சேர்ந்த ஏறக்குறைய எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. எனக்கு மட்டும் தெரியாது. நான் டோர்வல் விமான நிலையத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தபடி, கல்கரியிலிருந்து மகள் வரவேண்டிய விமானம் பனியால் பிந்துகிறது என்ற அறிவித்தலை இரண்டு மொழிகளிலும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சாவைப் பற்றி எனக்குத் தொழில்முறை அறிவு உண்டு. மாவட்ட அரச அலுவலகமான யாழ்ப்பாணக் கச்சேரியில், பிறப்பு இறப்புப் பதிவுப் பகுதியில்தான் என் இளமை போனது. ஒருமுறை ஒரு மனிதர் என் மேசைக்கு முன்னால் வந்து, தன்னைச் செத்தவராகப் பதிந்துவிட்டார்கள் என்றார். பெயர் மாறி நடந்த பிழை. மனிதர் வியர்த்தார், இருமினார், குடையைக் கதிரையில் சாய்த்துவைத்தார். கோப்பு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

“பிள்ளை, நான் இதிலை நிக்கிறன் தானே?”

“நிக்கிறியள் ஐயா. ஆனால் நிக்கிறதுக்கு அத்தாட்சி இல்லை.”

நான் பகிடிக்குச் சொல்லவில்லை. நடைமுறை அப்படி. ஒருவரைச் சாகடிக்க ஒரு கையெழுத்துப் போதும். திரும்ப எழுப்புவதற்குக் கிராமசேவகர், சமாதான நீதவான், மேலதிகாரி என்று வரிசையாகப் பிடிக்க வேண்டும். எனவே, ஒரு கையெழுத்துக்கூட இல்லாமல் என்னைச் சாகடித்துவிட்டார்கள் என்பதுதான் எனக்கு முதலில் வந்த கோபம்.

ஆனால் நான் எழுத வந்தது என் சாவைப் பற்றி அல்ல. மூன்று குளிர்காலமாக என்னோடு கதைக்காமல் இருந்த என் அண்ணையைப் பற்றி. அதற்கு முதல் வெள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

2

குளிர்காலத்தில் இந்த ஊர்க் கிழடுகள் கடைத்தொகுதிகளுக்குள்தான் நடப்பார்கள். வெளியே நடந்தால் இடுப்பு முறியும். உள்ளே நடந்தால் தேவையில்லாத ஏதாவது வாங்குவோம், அவ்வளவுதான். நான் பஸ் மாறி மாறிப் புவாண்ட்-கிளேர் வரைக்கும் போவேன். பக்கத்திலேயே நடக்க இடம் இருக்கிறது. அங்கே போனால் நாலு அடிக்கு ஒருவர் மறித்து, “மகளுக்கு இன்னும் கலியாணம் சரிவரேல்லையோ?” என்று கேட்பார்கள். புவாண்ட்-கிளேரில் என் மகளைப் பற்றி ஒருவருக்கும் அக்கறை இல்லை. அருமையான இடம்.

அங்கே கார்த்திகை முடிவில் ஒரு கடைக் கண்ணாடியைப் பார்த்து நின்றுவிட்டேன். உள்ளே எல்லாம் வெள்ளை. வெள்ளைக் கிளைகள், வெள்ளைத் துணி நட்சத்திரங்கள், வெள்ளை மேசைவிரிப்பு, வெள்ளைச் சின்ன விளக்குகள். எங்கள் ஆட்களின் வீடுகளில் நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, சிவப்பு, பச்சை, நீலம் எல்லாம் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி எரியும். தெருவில் போகிறவனுக்குத் தலை சுற்றும். எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பெட்டி இருந்தது. அருளப்பு, என் கணவர், அதை ஒவ்வொரு வருடமும் எடுத்துச் சிக்கெடுப்பார். அவர் போன பிறகு அந்தப் பெட்டி கட்டிலுக்குக் கீழே கிடந்தது. வீடு மூன்று மார்கழி இருட்டாக இருந்தது.

நாலு மணிக்கே இருட்டிவிடும் ஊர் இது. வந்த நாள் தொடக்கம் இந்தப் பனியைத் திட்டியபடியே இருக்கிறோம். அள்ளுகிறோம், உப்புப் போடுகிறோம், வழுக்கி விழுகிறோம், ஊருக்கு எழுதும்போது “இங்கே கடும் குளிர்” என்று தொடங்குகிறோம். அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்றபோது எனக்கு முதல் முறையாகத் தோன்றியது: இது வடிவு. வெளியில் கிடப்பதைக் கொஞ்சம் வீட்டுக்கும் எடுத்தால் என்ன?

துணிக்கடைக்குப் போய் முழம் முழமாக வெள்ளைப் பருத்தித் துணி வெட்டச் சொன்னேன். கடைக்காரி கத்தரிக்கோலை நிறுத்தி, “கல்யாணமா, மதாம்?” என்று பிரெஞ்சில் கேட்டாள். “இல்லை, குளிர்காலம்” என்றேன். என் பிரெஞ்சில்தான் ஏதோ பிழை என்று நினைத்திருப்பாள். பாவம், திருத்தாமல் வெட்டித் தந்தாள். ஜான்-டலோன் சந்தையில் நத்தார் மரம் விற்கிறவனிடம் கழித்துப்போட்ட கிளைகளை வாங்கி வெள்ளைச் சாயம் அடித்துக் கதவுக்கு வளையம் கட்டினேன்.

எதையும் அனுமதி இல்லாமல் செய்து எனக்குப் பழக்கமில்லை. குடியிருப்பு ஒப்பந்தத்தில் பல்கனியை மாற்றக்கூடாது என்று ஒரு வாசகம் உண்டு. மேல்வீட்டில் இருக்கும் வீட்டுச் சொந்தக்காரர் ஸ்டாவ்ரோஸிடம் போய்க் கேட்டேன். கிரேக்கக் கிழவர். “நீ கூரையைக் கழற்றாதவரைக்கும் எனக்குச் சரி” என்றார். எழுத்தில் வேண்டும் என்றேன். வானத்தைப் பார்த்துக் கைவிரித்துவிட்டு, மளிகைச் சிட்டை ஒன்றின் பின்பக்கத்தில் எழுதித் தந்தார்.

மகள் வருவதற்கு முதல் நாள் இரவு பல்கனிக் கம்பி நீளத்துக்கும் துணியை வளைவு வளைவாகத் தொங்கவிட்டு, தூணுக்குத் தூண் முடிச்சுப் போட்டேன். இடப்பக்கத் தூண் சரியாக எட்டவில்லை, ஒருமாதிரி எட்டிக் கட்டினேன். இடையிடையே கடதாசி நட்சத்திரம். உள்ளே மேசை, கதிரை, யன்னல், எல்லாம் வெள்ளை.

இப்போது ஊரில் இருக்கும் நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். வீட்டுக்குள்ளே, பந்தலுக்குள்ளே வெள்ளை கட்டுவது கல்யாணத்துக்கும் உண்டு. ஆனால் ரோட்டுக்குத் தெரிய வெள்ளை தொங்கினால் எங்களுக்கு அது ஒன்றுக்குத்தான். செத்த வீடு. கேட்டுத் தெரிந்துகொள்ளத் தேவையில்லாமல் சனம் உள்ளே வருவதற்காகத்தான் அதைக் கட்டுவதே.

எனக்கு அது தெரியாமல் இல்லை. கட்டும்போது கை ஒருமுறை தயங்கியது. பிறகு, எனக்குப் பிடித்த நிறத்தை என் வீட்டில் கட்ட நான் யாரைக் கேட்க வேண்டும் என்று அடுத்த முடிச்சைப் போட்டேன்.

3

இந்த நிறத்தோடு எனக்குப் பழைய வழக்கு ஒன்று இருக்கிறது.

அருளப்பு இறந்தபோது அண்ணை வெள்ளைச் சேலை ஒன்று வாங்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். ஒரு வருடம் உடுக்க வேண்டும் என்றார். சவிரிமுத்து என்று பெயர், என்னிலும் ஐந்து வயது மூப்பு, இந்த நகரத்தில் எனக்கு இருக்கும் ஒரே சகோதரம், இரண்டு தெரு தள்ளி வீடு. நான் அந்தச் சேலையைத் தொடவில்லை. அடுத்த ஞாயிறு பூசைக்கு, அருளப்பு கடைசியாக வாங்கித் தந்த மாம்பழ நிறச் சேலையில் போனேன். கோயிலில் எல்லாக் கழுத்தும் திரும்பியது.

அதையாவது பொறுத்திருப்பார். முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பிறகு மண்டபம் எடுத்துச் சாப்பாடு போட வேண்டும் என்று நின்றார். அருளப்பு என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்: “நான் வருத்தமாய்க் கிடக்கேக்கை எட்டிப் பாக்காததுகளுக்கு எலும்புக் கறி போடாதை.” அண்ணையிடம் இதை இரண்டு தரம் சொன்னேன். அவர் கேட்கவில்லை. என் பெயரைக் கொடுத்தே மண்டபத்தைப் பதிந்து, சனத்துக்கும் சொல்லிவிட்டார்.

என் பெயரில் பதிந்ததை இரத்துச் செய்ய எனக்கு உரிமை உண்டு. இரத்துச் செய்தேன். அண்ணைக்கும் அறிவித்தேன். நான் சும்மா வெருட்டுகிறேன் என்று நினைத்தார். பூசை முடிந்து சனம் கோட்டும் சூட்டுமாகப் போனபோது மண்டபக் கதவு பூட்டியிருந்தது. அண்ணை அந்தக் கதவுக்கு முன்னால் நின்று வந்தவர்களுக்கு ஏதோ காரணம் சொல்லிச் சொல்லி அனுப்பினாராம்.

அன்று பின்னேரம் தொலைபேசி எடுத்தார். ஒரு வசனம்தான் சொன்னார்.

“உன்ரை செத்த வீட்டுக்கும் வரமாட்டன்.”

வைத்துவிட்டார். அதற்குப் பிறகு கோயிலில் அவர் வலப்பக்கம், நான் இடப்பக்கம். மச்சாள், அவருடைய மனைவி, மட்டும் பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் இந்தப் பக்கம் வந்து கையைத் தந்துவிட்டுப் போவாள். ஒவ்வொரு நத்தாருக்கும் மச்சாளிடம் சொல்லி அனுப்புவேன், சாப்பிட வரச் சொல்லி. பதில் வராது. போன மார்கழியும் சொல்லி அனுப்பினேன். அவருக்கு எழுபத்திரண்டு வயது, இருதயத்துக்கு இரண்டு விதமான குளிசை எடுக்கிறார். எனக்கும் வயது குறையவில்லை. இந்தப் பிடிவாதத்தில் யார் முதல் போவது என்று பார்த்துக்கொண்டிருக்கிறோமோ என்று சிலநேரம் பயமாக இருக்கும். ஆனால் மண்டபத்தை இரத்துச் செய்தது சரி. இன்றைக்கும் செய்வேன்.

4

மகள் நிர்மலா கல்கரியில் எஞ்சினியர். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி எடுப்பாள். முதல் ஐந்து நிமிடம் தமிழ், பிறகு தானாகவே ஆங்கிலத்துக்குச் சறுக்கிவிடும். வெள்ளை கட்டப் போகிறேன் என்றதும், “சோ பியூட்டிஃபுல் அம்மா. ஆனால் மாமா ஆக்கள் என்ன சொல்லுவினம்?” என்றாள். மாமா ஒன்றுமே சொல்லாமல் மூன்று வருடம், இனிச் சொன்னால் நல்லதுதானே என்றேன்.

அவள் வரும் நாள் காலையில் ஸ்டாவ்ரோஸ் மேல்வீட்டு வெளிப் படிக்கட்டில் வழுக்கி விழுந்தார். வீட்டுக்கு வெளியே இரும்புப் படி வைத்துக் கட்டும் ஊர், பிறகு அதில் பனி உறைகிறது என்று அதிசயப்படும் ஊர். அம்புலன்ஸ் வந்தது. நான் அவருடைய மருத்துவ அட்டையைத் தேடிக் கொடுத்து, தொப்பியைத் தலையில் வைத்து, ஏற்றி அனுப்பிவிட்டு, விமான நிலையத்துக்கு வெளிக்கிட்டேன்.

இனி நடந்ததை ரெஜினா பிறகு சொன்னபடி எழுதுகிறேன். ரெஜினா எங்கள் பங்கு. தெருமுனைத் தெப்பனரில், அதாவது பால் பாண் விற்கும் சின்னக் கடையில், வேலை. அம்புலன்ஸ் எங்கள் வாசலில் இருந்து போவதைக் கடைக்குள் இருந்து கண்டிருக்கிறாள். வேலை முடிந்து வந்து பார்த்தால் பல்கனி முழுவதும் வெள்ளை. மணி அடித்தாள், திறக்கவில்லை. வீட்டுத் தொலைபேசிக்கு எடுத்தாள், அடித்து ஓய்ந்தது. காலையில் செத்தவளின் வீட்டில் மத்தியானத்துக்குள் இவ்வளவு வடிவாக யார் வெள்ளை கட்டினார்கள் என்று அவளும் யோசிக்கவில்லை, அவள் தொலைபேசி எடுத்த ஒருவரும் யோசிக்கவில்லை. எங்கள் ஆட்கள் செத்த வீட்டு வேலைகளை அவ்வளவு கெதியாகச் செய்கிறவர்கள்.

நானும் நிர்மலாவும் டாக்சியில் வந்து இறங்கியபோது தெருவிளக்கு எரிந்தது. பல்கனியில் ஏழெட்டுப் பேர், தடித்த கோட்டுகளுடன். செத்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்பதால் ஆளுக்கு ஒன்றாகக் கொண்டுவந்திருந்தார்கள்: தேத்தண்ணிப் போத்தல், பாண், பருப்புச் சட்டி.

“அம்மா, எங்கட வீட்டிலை ஆரோ பார்ட்டி வைக்கினம்” என்றாள் நிர்மலா.

ரெஜினா என்னைக் கண்டு, “யேசுவே!” என்று கத்தித் தேத்தண்ணிப் போத்தலைப் பனிக்குள் போட்டாள். “அக்கா, நீங்கள் செத்துப்போனியள்!”

“ஆர் சொன்னது?”

“எல்லாரும்!”

அப்போதுதான் படிக்கட்டைக் கண்டேன். ஸ்டாவ்ரோஸ் விழுந்த அதே படிக்கட்டின் அடிப்படியில், தொப்பி இல்லாமல், முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு ஒருவர் இருந்தார். தலையில் பனி வெள்ளையாகப் படிந்திருந்தது. சத்தம் கேட்டு நிமிர்ந்தார்.

அண்ணை என்னைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். கையில் இருந்த சூட்கேசைப் பார்த்தார்.

“நீ சாகேல்லையோ?”

“இன்னும் இல்லை, அண்ணை.”

“அண்ணை வந்த நேரம் தொடக்கம் ஒரே அழுகை அக்கா,” என்றாள் ரெஜினா. “எழும்பச் சொல்லியும் கேக்கேல்லை.”

“ஆர் அழுதது? குளிருக்குக் கண்ணாலை தண்ணி வருது.” எழும்பப் பார்த்தார், கால் மரத்துப்போயிருந்தது, கம்பியைப் பிடித்தார். எழும்பி நின்ற பிறகுதான் கோபம் வந்தது. “இது நீ வேணுமெண்டு செய்தனி. என்னை இஞ்சை கொண்டந்து நிப்பாட்டத்தான் இந்த வெள்ளையைக் கட்டினனி!”

“நான் செத்தால் நீங்கள் வருவியள் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும், அண்ணை? செத்த வீட்டுக்கும் வரமாட்டன் எண்டுதானே சொன்னனீங்கள்?”

ரெஜினா குனிந்து போத்தலைத் தேடுகிற மாதிரி நின்றாள்.

“கழட்டு,” என்றார். “இப்பவே கழட்டு. உயிரோடை இருக்கிறவளின்ரை வாசலிலை இது தொங்கக்கூடாது.”

“கழட்டமாட்டன்.”

“உனக்கு விசர். அவன் செத்த நேரமும் இதே கதைதான். உடுக்கச் சொன்னால் உடுக்கமாட்டாய். கட்டாதை எண்டால் கட்டுவாய்.”

“ஓம். அண்டைக்கு நீங்கள் கொண்டந்த வெள்ளை. இது நான் வாங்கின வெள்ளை. எனக்கு வடிவாய்க் கிடக்கு.”

“வடிவாம்! சனம் உன்னைச் செத்துப்போனாள் எண்டு நினைக்குது.”

“நினைச்சுச் சாக ஏலாது, அண்ணை. இந்த ஊரிலை செத்தால் டொக்டர் பாத்து எழுத வேணும். பிறகு அடக்கம் செய்யிற நிறுவனம், பிறகு மாகாணப் பதிவு. அதுக்குப் பிறகுதான் நான் செத்தது. அதுவரைக்கும் இது நத்தார்ச் சோடினை.”

“உன்ரை சட்டத்தைக் கொண்டு—” என்று தொடங்கி, நிறுத்தி, ஒரு காலில் இருந்து மற்றக் காலுக்கு மாறினார். நிர்மலாவைப் பார்த்தார். குரல் இறங்கியது. “பிள்ளை, கதவைத் திற. எனக்கு அவசரமாய் ஒண்டுக்குப் போக வேணும்.”

மூன்று வருடத்து வைராக்கியம் இப்படித்தான் என் வாசலைத் தாண்டியது.

உள்ளே போனவர், “உள்ளுக்கையும் வெள்ளையோ!” என்று கத்தியது வெளியில் கேட்டது.

எல்லோரும் உள்ளே வந்தோம். என் செத்த வீட்டுப் பாணையும் பருப்பையும் நானும் சாப்பிட்டேன். பருப்பில் உப்புக் கூடிப்போயிருந்தது. அண்ணை யன்னல் பக்கக் கதிரையில் வெள்ளை விரிப்பைச் சுருட்டித் தள்ளிவிட்டு இருந்தார். நிர்மலாவிடம் கல்கரியில் குளிர் எப்படி என்று கேட்டார். இதைவிடக் கூட, ஆனால் காய்ஞ்ச குளிர் என்று அவள் சொன்னாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. தேத்தண்ணியைக் குடித்து முடித்தார், கோட்டைப் போட்டார், கதவைத் திறந்தார், போய்விட்டார்.

எங்கள் ஆட்கள் எந்த வீட்டில் இருந்து வெளிக்கிட்டாலும், சண்டை போட்டுவிட்டு வெளிக்கிட்டாலும், “போட்டு வாறன்” என்று ஒரு சொல் சொல்லுவார்கள். செத்த வீட்டில் மட்டும் அதைச் சொல்வதில்லை. எழும்பிப் பேசாமல் போய்விடுவார்கள். அண்ணை அப்படிப் போனார். செத்த வீட்டுக்கு ஒருதரம் வந்து போனதோடு தன் கடமை முடிந்தது என்று வைத்துக்கொள்வாரோ? அந்தக் கேள்வியோடு கோப்பைகளைக் கழுவினேன்.

5

அடுத்த ஞாயிறு பூசைக்குப் பிறகு ஒவ்வொருவராக வந்து என் கையைப் பிடித்துப் பார்த்தார்கள். சூடாக இருந்ததில் சிலருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். ஒருவர், இப்படிச் சாவு வதந்தி வந்தால் ஆயுள் கூடும் என்றார். அண்ணை வழக்கம்போல வலப்பக்கம் இருந்தார், வழக்கம்போல முன்கதவால் போனார்.

ரெஜினா என்னோடு நடந்து வந்தாள்.

“அக்கா, நீங்கள் உயிரோடை இருக்கிறியள் எண்டு தெரிஞ்சும், உங்கட வீட்டைக் காணேக்கை நெஞ்சு திக்கெண்டுது. கழட்டுங்கோவன்.”

“மற்றப் பக்க நடைபாதையாலை போ.”

“பிள்ளையள் பயப்பிடுதுகள்.”

“உன்ரை பிள்ளையளோ? அதுகள் வந்து நட்சத்திரத்தோடை நிண்டு படம் எடுத்துக்கொண்டு போகுதுகள். இங்கத்தைப் பிள்ளையளுக்கு வெள்ளை எண்டால் பனி. பயம் உனக்குத்தான்.”

அவள் சிரித்தாள், ஆனால் மற்றப் பக்கத்தால்தான் போனாள்.

நிர்மலாவும், “மாமாவுக்காகவாவது கழட்டலாமே அம்மா” என்றாள். நான் அதை யோசிக்காமல் இல்லை. ஒரு கத்தரிக்கோலும் ஐந்து நிமிடமும் போதும். கழட்டிவிட்டு மச்சாளிடம் சொல்லி அனுப்பினால் ஒருவேளை வருவார். ஆனால் அப்படி வருகிறவர் என்னிடம் வரமாட்டார். தான் சொன்னதைக் கேட்ட ஒரு தங்கச்சியிடம் வருவார். அப்படி ஒருத்தி எங்கள் வீட்டில் பிறக்கவில்லை. அது அவருக்கே தெரியும். அவர் படிக்கட்டில் இருந்து அழுததும் அவளுக்காக அல்ல. இந்தப் பிடிவாதக்காரிக்காக. எனவே வெள்ளை அப்படியே கிடந்தது.

ஸ்டாவ்ரோஸ் கணுக்காலில் கட்டுடன் திரும்பி வந்து, பல்கனியைப் பார்த்து, தனக்கு வரவேற்பா என்று கேட்டார். ஓம் என்றேன். ஒருவராவது சந்தோசப்படட்டும்.

நத்தாருக்கு இரண்டு நாள் முன்னர் ஆற்றுப் பக்கமிருந்து காற்று அடித்தது. இரவிரவாக யன்னல் அதிர்ந்தது. காலையில் நிர்மலா நித்திரை, நான் கோப்பி போட்டுக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது.

“இஞ்சை பார்.”

பெயர் சொல்லவில்லை, வணக்கம் இல்லை. தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன். அப்போதும் அதே குரல்தான்.

“சொல்லுங்கோ, அண்ணை.”

“இப்ப உன்ரை வீட்டடியாலை நடந்து வந்தனான். டொக்டர் நடக்கச் சொன்னவர், அதாலை வந்தனான்.”

“ஓம்.”

“இடப்பக்கம் முழுக்க அவிண்டு தொங்குது. ஊத்தைப் பனியிலை இழுபடுது. கட்டுறதெண்டால் ஒழுங்காய்க் கட்ட வேணும். இதென்ன முடிச்சு? சனம் பாத்தால் என்னத்தை நினைக்கும்?”

“எனக்கு அந்தத் தூண் எட்டாது, அண்ணை. வந்து கட்டிவிடுங்கோவன்.”

பின்னால் மச்சாள் ஏதோ சொல்வதும், அவர் அவளைச் சத்தம் போடுவதும் கேட்டது.

“உன்னட்டை ஏணி கிடக்கோ,” என்றார், “இல்லை, நான் கொண்டரவோ?”